கம்ப்யூட்டருக்குள் ஓடும் தண்ணீர்! சூடு எங்கே போகிறது?

கம்ப்யூட்டருக்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் மேஜை மீது காபி டம்ளரை வைத்தாலே வீட்டில் சத்தம் போடுவார்கள்.

ஆனால் இப்போது, கம்ப்யூட்டர் பெட்டிக்கு உள்ளேயே தண்ணீரை ஓட விடுகிறார்கள். அதுவும் பெரிய தொழிற்சாலையில் அல்ல. வீட்டில் உட்கார்ந்து, சாமான் வாங்கி, தாங்களே பூட்டிக்கொள்கிறார்கள்.

சென்னை ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்கு மாடி வீட்டின் சின்ன அறையிலும் இதைச் செய்ய முடியும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஆசை. பெற்றோருக்கோ பயம். "ஏம்பா, பெட்டிக்குள்ளே தண்ணி விட்டா ஷாக் அடிக்காதா? கரண்டு பில் ஏறாதா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்கும் அதே வேலை, சென்னையைச் சுற்றியுள்ள பெரிய பெரிய கட்டிடங்களிலும் நடக்கிறது. அங்கே செலவாகும் தண்ணீர் யாருடைய தண்ணீர்?

சின்னப் பெட்டியைப் புரிந்துகொண்டால், பெரிய கட்டிடமும் புரிந்துவிடும்.

ஏன் சுடுகிறது?

கம்ப்யூட்டர் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறதோ, அவ்வளவும் கடைசியில் சூடாக வெளியே வருகிறது.

கம்ப்யூட்டரின் மூளை ஒரு சில்லு. அது தபால் தலை அளவுதான் இருக்கும். அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி 2023-ல் வெளியிட்ட 'கோர் ஐ-9 14900கே' என்ற சில்லு, முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் மின்சாரம் எடுக்கும். பழைய மாடல் மின்விசிறிகள் மூன்றை ஓட்டும் மின்சாரம் அது! அத்தனை சூடும் அந்தத் தபால் தலை அளவு இடத்தில் கிளம்புகிறது.

படம் காட்டும் சில்லு இதைவிட மோசம். என்விடியா கம்பெனி 2025 ஜனவரியில் அறிவித்த 'ஆர்.டி.எக்ஸ். 5090' கார்டு 575 வாட் வரை எடுக்கும். துணி தேய்க்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதிக்கு மேல்!

சூடு சுமார் 100 டிகிரியை நெருங்கினால், சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பயன்படாமல் போகும்.

அறையில் இருந்து பெட்டிக்கு

1973-ம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.-க்கு 'ஐ.பி.எம். 370' என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதை வைப்பதற்கே குளிர்சாதன வசதி செய்த பெரிய இடம் வேண்டி இருந்தது.

இன்று கதை வேறு. தைவான் நாட்டின் வியா கம்பெனி 2001-ல் 17 சென்டி மீட்டர் சதுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பலகையைக் கொண்டுவந்தது. ஒரு சாணுக்கும் குறைவு! அதை வைத்து, மிகச் சிறிய பெட்டிகள் செய்யத் தொடங்கினார்கள்.

வீடுகளுக்குக் குடிதண்ணீர் கேன் வருகிறது அல்லவா? அது 20 லிட்டர். அந்தக் கேனைவிடச் சிறிய இடத்தில் முழு கம்ப்யூட்டரையும் அடக்கிவிடுகிறார்கள்.

தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழும் ஆழ்வார்பேட்டை போன்ற இடங்களில், சின்னப் பெட்டி சவுகரியம்தான். மேஜை மூலையில் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு தொல்லை. சன்னலை அடைத்துவிட்டு அடுப்பு மூட்டினால் சமையலறை எப்படி இருக்கும்? சின்னப் பெட்டியின் உட்புறமும் அப்படித்தான். பெரிய விசிறி வைக்க இடம் இல்லை. சின்ன விசிறியை வேகமாக ஓட்டினால், காது கிழியும் சத்தம் வரும்.

இங்கேதான் தண்ணீர் உதவிக்கு வருகிறது.

தண்ணீர் ஒரு கூலியாள்

காரில் என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடுதான்.

சில்லின் தலை மீது ஒரு செம்புத் தகடு. அதற்குள் மயிரிழை போன்ற பள்ளங்கள். ஒரு சின்ன பம்பு தண்ணீரை அந்தப் பள்ளங்களில் ஓட்டுகிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு, குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே விசிறிகள் சூட்டை அறைக்குள் தள்ளுகின்றன. ஆறிய தண்ணீர் மறுபடியும் சில்லுக்குத் திரும்புகிறது.

காற்றை விட்டுத் தண்ணீரை ஏன் பிடிக்க வேண்டும்? ஒரு லிட்டர் காற்று சுமக்கும் சூட்டைப்போல் சுமார் 3,500 மடங்கு சூட்டை ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. தண்ணீர் சூட்டை அழிப்பது இல்லை. மூட்டையைச் சுமக்கும் கூலியாளைப்போல், ஓர் இடத்தில் இருந்து எடுத்து இன்னோர் இடத்தில் இறக்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். பெட்டிக்குள் அரை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. கம்ப்யூட்டர் 400 வாட் சூட்டை அதில் விடுகிறது. ரேடியேட்டர் விசிறி நின்றுபோனால் என்ன ஆகும்? 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் இரண்டரை நிமிடத்தில் 60 டிகிரி ஆகிவிடும்! ஆக, வேலையை முடிப்பது ரேடியேட்டரும் விசிறியும்தான்.

சென்னை வெயிலில் என்ன ஆகும்?

குளிர் நாட்டில் அறை 20 டிகிரி இருக்கும். சென்னையில் கோடை காலத்தில், ஏ.சி. இல்லாத அறை 35 டிகிரி இருக்கும். 2003 மே 31-ந்தேதி நுங்கம்பாக்கத்தில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அதாவது 113 பாரன்ஹீட்!

அறை 35 டிகிரி என்றால், பெட்டிக்குள் ஓடும் தண்ணீர் 35-க்குக் கீழே போகாது. மேனாட்டாரின் கணக்கை அப்படியே இங்கே போடக்கூடாது. சென்னைக்கு ரேடியேட்டர் ஒரு படி பெரிதாக வேண்டும்.

ஐஸ் போட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். கூடவே கூடாது! சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்ப்பதுபோல், செம்புத் தகட்டிலும் வேர்க்கும். அந்தச் சொட்டு, பலகை மீது விழும்.

கரண்டு பில் குறையுமா? குறையாது. 400 வாட் கம்ப்யூட்டர் நாள்தோறும் 5 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாத பில்லில் 120 யூனிட். தண்ணீர் ஓடினாலும், ஓடாவிட்டாலும் அதே செலவுதான். பம்புக்குச் சில வாட் கூடும். அந்தச் சூடு முழுவதும் அறைக்குள் வருகிறது. ஏ.சி. போட்டால், அதை வெளியே தள்ளத் தனியாக மின்சாரம் வேண்டும். தள்ளிய சூடு பக்கத்து வீட்டுச் சன்னலுக்குப் போகும்.

தண்ணீரால் கிடைக்கும் லாபம் இரண்டு: சத்தம் குறையும். சின்னப் பெட்டியிலும் முழு வேகம் கிடைக்கும்.

செய்வது எப்படி?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பெனியிலேயே தண்ணீர் நிரப்பி மூடி முத்திரை வைத்தது. வாங்கிப் பொருத்தினால் போதும். மற்றொன்று, குழாய் வெட்டி, இணைப்புப் பூட்டி, தானே நிரப்புவது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு கடைகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு முதல் வகையே நல்லது.

தானே செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் எதுவும் ஆகாது. உப்பு படிந்து, மயிரிழைப் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். வெந்நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்க அதற்கான மருந்தும் சேர்க்க வேண்டும்.

செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்க்கக்கூடாது. அலுமினியம் அரித்துவிடும்.

எல்லாம் பூட்டியதும், பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, 24 மணி நேரம் ஓடவிட வேண்டும். இணைப்புகளின் கீழே வெள்ளைக் காகிதம் வைக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் பிரித்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற பாகங்களுக்கு மின்சாரம்.

"சுத்தமான தண்ணீரில் மின்சாரம் பாயாதே" என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். பாட்டிலில் இருக்கும்வரை அது கிட்டத்தட்ட சரி. உலோகத்தில் ஓட ஓட, தண்ணீரில் உலோகம் கரையும். பிறகு மின்சாரம் பாயும்.

பெரிய கம்பெனிக்கும் இந்தச் சோதனை வந்தது. 2004-ல் ஆப்பிள் கம்பெனி 'பவர் மாக் ஜி-5' கம்ப்யூட்டரைத் திரவத்தால் குளிரவைத்து விற்றது. அவற்றில் சில பின்னாளில் கசிந்து, உள்ளே அரித்துவிட்டன.

தூசியும் ஒரு பகை. மெட்ரோ ரெயிலின் 2-வது கட்டத்தில் ஆழ்வார்பேட்டைக்கும் சுரங்க நிலையம் உண்டு. இப்படித் தோண்டும் வேலை நடக்கும் வட்டாரங்களில், ரேடியேட்டரை மாதம் ஒரு முறையாவது துடைக்க வேண்டும்.

யாருக்கு வேண்டும்?

பள்ளிப் பாடம், கடிதம், கணக்கு, சினிமா பார்ப்பது இவற்றுக்குத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஒரு நல்ல விசிறி போதும். படம் வெட்டி ஒட்டுகிறவர்கள், கட்டிட வரைபடம் செய்கிறவர்கள், செயற்கை அறிவு பழகுகிறவர்கள், பெரிய விளையாட்டு ஆடுகிறவர்கள் யோசிக்கலாம்.

பாகங்களின் விலையையும் பார்க்க வேண்டும். 2025 கடைசியில் உலகம் எங்கும் மெமரி விலை ஏறியது. செயற்கை அறிவுக் கம்பெனிகள் மெமரியை மொத்தமாக அள்ளியதே காரணம். அந்த டிசம்பரில், வீட்டு வாடிக்கைக்காரர்களுக்கு மெமரி விற்ற 'குருசியல்' வியாபாரத்தை விட்டுவிடுவதாக மைக்ரான் கம்பெனி அறிவித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கெடுக்கும் பாகத்தை மறுபடி வாங்குவது லேசான செலவு அல்ல.

பெரிய கட்டிடங்கள்

அந்தச் செயற்கை அறிவு எங்கே வேலை செய்கிறது? 'டேட்டா சென்டர்' என்ற கட்டிடங்களில். சென்னைப் பக்கம் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இவை இருக்கின்றன. கடலுக்கு அடியில் வரும் தகவல் கேபிள்கள் சென்னையில் கரை ஏறுவது இதற்கு ஒரு முக்கிய காரணம். தமிழ்நாடு அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

செல்போனில் ஒரு கேள்வி கேட்டால், இப்படி ஒரு கட்டிடத்தில் எங்கோ ஒரு சில்லு சுடுகிறது. என்விடியா 2024-ல் அறிவித்த ஓர் அடுக்கில் 72 சில்லுகள். பீரோ அளவுதான். எடுப்பது சுமார் 120 கிலோவாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 120-ஐ ஒரு பீரோவுக்குள் அடுக்கிய சூடு! காற்றால் அதைச் சமாளிக்க முடியாது. தண்ணீர்தான் ஓட வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2022 மே 25-ந்தேதி, திருச்சி என்.ஐ.டி.-யில் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் திறன் உடையது. அதிலும் சூட்டைச் சுமந்து செல்வது திரவம்தான்.

பானையா? ரேடியேட்டரா?

சில்லில் இருந்து வரும் சூட்டைக் கட்டிடத்துக்கு வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மண்பானை வழி. பானையின் மேல் தண்ணீர் கசிந்து, ஆவியாகிப் போவதால் உள்ளே குளிர்கிறது. பானைத் தண்ணீர் மெல்லக் குறையும். டேட்டா சென்டரின் குளிர்விக்கும் கோபுரங்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. மின்சாரம் மிச்சம். ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. தினமும் புதுத் தண்ணீர் வேண்டும்.

மற்றொன்று, ரேடியேட்டர் வழி. ஒரே தண்ணீர் மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிறது. தண்ணீர் செலவு மிகக் குறைவு. மின்சாரம் கொஞ்சம் கூடும். வீட்டுப் பெட்டி இந்த வகை. தங்கள் புதிய டேட்டா சென்டர் திட்டங்களில் குளிர்விக்கத் தண்ணீரை ஆவியாக விடாத முறையைக் கையாளுவதாக, மைக்ரோசாப்ட் கம்பெனி 2024 டிசம்பரில் அறிவித்தது. முடியும் என்பதற்கு இது சாட்சி.

சென்னைக்கு இது சாதாரண விஷயம் அல்ல. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடத்தோடு தெருவில் நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பானை முறைதான் வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க, கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4½ கோடி லிட்டர் திறன் உள்ள நிலையங்கள் இருக்கின்றன. அந்த மாதிரித் தண்ணீரை ஆவியாக்கினால் குடிதண்ணீருக்குப் பங்கம் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி

டேட்டா சென்டர் வரட்டும். வேலை வரும், வருமானம் வரும். ஆனால் ஒவ்வொன்றும் தொடங்கும்போதே மூன்று கணக்குகளை ஊருக்குச் சொல்ல வேண்டும்: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது? அது குடிதண்ணீரா, சுத்தம் செய்த கழிவுநீரா? ஏரி வறண்டால் என்ன ஏற்பாடு?

ஆழ்வார்பேட்டையில் மேஜை மூலையில் இருக்கும் சின்னப் பெட்டி, ஊற்றிய அரை லிட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுகிறது. அந்த அரை லிட்டருக்கு வீட்டில் கணக்கு இருக்கிறது. பெரிய கட்டிடங்களின் தண்ணீருக்கும் ஊரறியக் கணக்கு வேண்டும்.