ஸ்பீக்கருக்கு அனுமதியா, பேச்சுக்கு அனுமதியா?

திறந்த வெளியில் ஒரு நிகழ்ச்சி வைப்பதென்றால் மைக் செட்டுக்குப் பொலிஸ் அனுமதி வேணும். நாங்கள் ஒருமுறை சின்னதாக ஒரு வாசிப்புக்கு, இரண்டு பெட்டி, ஒரு மைக், முப்பது கதிரை என்ற கணக்கோடு ஒரு நிலையத்தில் போய் நின்றோம். "யார் பேசுறது? என்ன தலைப்பு? ஏன் இந்தத் திகதி? இதுக்குப் பின்னால எந்தக் கட்சி?" பெட்டி எந்தப் பக்கம் பார்க்கும், கிட்ட இருக்கிற வீடு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. சத்தத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் சத்தத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காவிட்டால், அது வேறு எதையோ கட்டுப்படுத்துகிறது என்றுதான் அர்த்தம்.

சட்டம் பழையது. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், பிரிவு 80. இன்றைக்கு அது எப்படி நடைமுறையாக வேண்டும் என்று சொன்னது 2007 நவம்பரில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கு அது. பிரதம நீதியரசராக இருந்தவர் சரத் என். சில்வா. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக்கூடாது, விசேட நிகழ்வென்றால் சுற்றியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், பகலிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், சத்தம் வளாகத்தைத் தாண்டாதபடி கடும் நிபந்தனையோடு. எல்லா மதத்துக்கும் ஒரே விதி. நல்ல தீர்ப்பு. ஆனால் பேனையை அது பொலிஸின் கையிலேயே விட்டுவிட்டது. இந்த ஊரில் கோவில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் இருக்கு. மதிலைத் தாண்டாத ஒலிபெருக்கியை இதில் எங்காவது பார்த்திருக்கிறீங்களா? திருவிழாவுக்கும் வெசாக்குக்கும் தேர்தலுக்கும் மதில் இல்லை, மணிக்கூடும் இல்லை. மதிலும் மணிக்கூடும் சின்ன ஆட்களுக்குத்தான்.

அந்தப் பேனை எந்தக் கையில் இருக்கு என்பதையும் மறக்க வேண்டாம். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில், சம்பூரில், முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள். கஞ்சிப் பானைக்கு அம்ப்ளிஃபையர் கிடையாது. அதைக்கூடப் பொறுக்காத அமைப்பு எங்கள் மைக்கைப் பார்க்கும்போது டெசிபலைத்தான் நினைக்குமா?

இதற்காக "எல்லாக் கட்டுப்பாட்டையும் தூக்கு" என்று நாங்கள் கேட்கவில்லை. ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் ஜன்னலுக்கு நேரே கோன் ஸ்பீக்கர் கட்டிவிட்டு "இது பக்தி" என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடே இல்லை. எங்கள் கோவில்களையும் சேர்த்துத்தான் சொல்றோம். சாமிக்குக் காது கேட்கும். இரவு நேரத்தில் கைக்குழந்தையோடு இருக்கிற வீடு, நோயாளி இருக்கிற வீடு பொலிசுக்குப் போன் அடித்தால் யாராவது வந்து பார்க்க வேணும். முறைப்பாடு வந்தால் பதிவு செய்து போய்ப் பார்க்கச் சொல்வதும் அதே 2007 தீர்ப்புத்தான்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அளவுகோல் நாட்டில் ஏற்கெனவே இருக்கு. 1996 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நகரப் பகுதிக்குப் பகலில் 63 டெசிபல், இரவில் 50 என்று எழுதிவைத்திருக்கின்றன. வைத்தியசாலை, பாடசாலை, நூலகம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். இந்த எண்கள் நிகழ்ச்சி நாளுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஒரு மீற்றர் தள்ளி நின்று இரண்டு பேர் சாதாரணமாகக் கதைத்தாலே 60 வரை வரும். நிகழ்ச்சிக்கு வேறு எண் வைக்கலாம், அதைப் பற்றி நியாயமாகச் சண்டை பிடிக்கலாம். "ஐயா இன்றைக்கு மூட் சரியில்லை" என்பதோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

எண் இல்லாத அனுமதி எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாட்டுக்கு நல்லாத் தெரியும். 1912 இல் கம்பளை பெரஹெரவுக்கு, பள்ளிவாசலுக்குக் கிட்டப் போகும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வழக்கு 1914 இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் பெரஹெர நடத்தும் தரப்புக்குச் சாதகமானது. 1915 பெப்ரவரியில் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. அதே வருடம் மே கடைசியில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. கலவரத்துக்குக் காரணங்கள் பல, வியாபாரப் போட்டி உட்பட. ஆனாலும் "எந்த மேளம், எந்தத் தெருவில்" என்பதை ஓர் அதிகாரி முடிவு செய்யும்போது, அந்த முடிவை ஊர் "அவன் பக்கமா, எங்கள் பக்கமா" என்றுதான் வாசிக்கும்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் லொக்போர்ட் என்ற சின்ன நகரம். பொலிஸ் தலைவர் அனுமதித்தால்தான் பொது இடத்தில் ஒலிபெருக்கி. யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த சாமுவேல் சயா என்ற போதகருக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அவர் பூங்காவில் மைக் போட்டுப் பேசினார், தண்டித்தார்கள். 1948 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்த நகரச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. எந்த அளவுகோலும் இல்லாமல் ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதுதான் குற்றம். அடுத்த வருடமே அதே நீதிமன்றம், தெருவில் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி வண்டிகளுக்கு ட்ரென்டன் நகரம் போட்ட தடையைச் சரி என்றது. சத்தத்தைத் தடுக்கலாம், ஆளைப் பார்த்துத் தடுக்கக்கூடாது.

இந்தியாவிலும், தமிழ்நாடு உட்பட, 2000 ஆம் ஆண்டின் விதிகளின்படி இரவு 10க்குப் பிறகு தடை. விழாக்காலத்தில் நள்ளிரவு வரை தளர்த்தலாம், ஆனால் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அங்கே ஒழுங்காக நடக்குதா என்பது வேறு கதை. குறைந்தது அந்த 15 எந்த 15 என்று கேட்க ஒரு வழி இருக்கு.

திருமலைக்கும் அப்படி ஒரு பட்டியலை மாநகரசபை ஊரோடு பேசிப் போட வேண்டும். வெசாக்கு எத்தனை நாள், பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு எத்தனை, நாடகத்துக்கும் நினைவுகூரலுக்கும் எத்தனை, எல்லாம் ஒரே தாளில், மூன்று மொழியில், சபை வாசலில் ஒட்டி. விண்ணப்பப் படிவத்தில் பெட்டிகளின் எண்ணிக்கை, திசை, முடியும் நேரம், பொறுப்பாளரின் போன் நம்பர். தலைப்பு என்ற கோடே வேண்டாம். மறுத்தால் காரணம் எழுத்தில், மூன்று நாளுக்குள்.

தொழில்நுட்பமும் பெரிய வித்தை இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒரு பெட்டியின் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே மேடையில் ஒரு மலையை அடுக்கி ஊரையே அதிர விடுவதைவிட, சனத்துக்குள் நாலு சின்னப் பெட்டியைக் குறைந்த சத்தத்தில் வைப்பது மேல். டச்பே கடற்கரையில் என்றால் பெட்டியைக் கடலைப் பார்க்க வைத்து, சனத்தைக் கடல் பக்கம் இருத்தலாம். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் மிச்சச் சத்தத்தைக் காத்தே வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோய்விடும். சவுண்ட்காரத் தம்பிமாருக்கு இது எல்லாம் தெரியும், அவர்களிடம் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.