ஆய்விடமும் ஆசிரியரும்

கலாநிதிப் பட்டம் பெற்றும், மேலும் ஆராய்தற்குப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திலது என்று என் பழைய மாணாக்கர் சிலர் வருந்துகின்றனர். விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து அவர்தம் கண்கள் பூத்துவிட்டன. முதலில் தேடவேண்டியது இடத்தையன்று, ஆசிரியரையே என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரி பெயரால் வழங்கும் புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்வோம். எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டத்தின் பின் ஆராய்ச்சியிற் கழித்த காலம் 8 ஆண்டுகளை விஞ்சலாகாது. ஆயின், தம்மை ஏற்கும் பேராசிரியர் ஒருவரோடு கூடியே ஆய்வுத் திட்டத்தை வரைதல் வேண்டும். ஜேர்மனியின் ஹம்போல்ட் புலமைப்பரிசிலுக்கும் அத்தகைய ஒருவரின் இசைவு முன்னரே வேண்டப்படும்.

ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புதலாற் பயனில்லை. ஒருவருடைய நூல்களை ஊன்றிக் கற்று, அவர் தீர்க்காது விட்ட வினா ஒன்றைக் கண்டு, அதனைத் தாம் ஆராய எண்ணும் வகையைச் சுருங்க எழுதுக. போட்டி கடிது, மறுமொழி வாராமலும் போகலாம். எனினும், செல்வாக்கும் சிபாரிசும் இல்லாத ஏழை மாணாக்கனுக்கு நல்லதொரு வினாவே அறிமுகக் கடிதமாகும்.