சொன்ன பேச்சு கேட்காத நாய்

ஒவ்வொரு வருஷமும் நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போல ஒரு ‘ஸ்மார்ட் ஸ்டிக்’ கண்டிப்பா இருக்கும். ஒரு பிவிசி பைப், ஒரு அர்டுயினோ, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு பஸ்ஸர். ஒருத்தன் கண்ணைக் கட்டிக்கிட்டு நடப்பான், எதிர்ல அட்டைப்பெட்டி இருக்கும், குச்சி கத்தும், எல்லாரும் கை தட்டுவாங்க. இந்த வருஷம் அதைச் செஞ்சது எங்க டீம். அதனால திட்டுற உரிமை எனக்கு உண்டு.

செகண்ட் ரிவ்யூ முடிஞ்சதும் அதை எங்க டீம்ல ஒருத்தனோட பெரியப்பாகிட்ட கொடுத்தோம். அவருக்குப் பார்வை கிடையாது. பல வருஷமா வெள்ளைக் கைத்தடியோட ஸ்ரீபெரும்புதூர்ல தனியா நடமாடுறவர். பத்து நிமிஷம் நடந்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாரு. “ஏம்பா, இது ஆளு, சுவரு, பைக்குன்னு எல்லாத்துக்கும் கத்துது. இது போடுற சத்தத்துல வண்டி வர்றது எனக்குக் கேக்கலையே!”

அதோட விடல. மூடி இல்லாத கால்வாயை அவரோட சாதாரண தடி கண்டுபிடிச்சிடும்; நேரா முன்னாடி மட்டும் பார்க்கிற எங்க சென்சாருக்கு அது தெரியாது. ஆனா அவருக்கு உண்மையான பயம் ஒரகடம் ரோட்டோரமா நிக்கிற ட்ரெய்லர்கள்தான். தடி ட்ரெய்லருக்கு அடியில காத்துலயே போகும், பாதை காலியா இருக்குன்னு நினைச்சு அடுத்த அடி வச்சா, நெஞ்சுல இடிக்கும். எங்க சென்சாரை முழங்கால் உயரத்துல வச்சிருந்தோம். அதுவும் ட்ரெய்லருக்கு அடியிலதான் பார்க்குது.

இதுக்கு உலகத்துல வேற என்ன வழி இருக்குன்னு தேடினப்போதான் வழிகாட்டி நாய்களைப் பத்திப் படிச்சேன். முதல் உலகப் போர்ல பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916ல ஜெர்மனியோட ஓல்டன்பர்க்ல இதுக்கு ஒரு பள்ளி தொடங்கினாங்க. 1928ல மோரிஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்து போய், பட்டி என்ற நாயோட பயிற்சி எடுத்துட்டுத் திரும்பினார். நியூயார்க்ல நிருபர்கள் கண் முன்னாடியே நெரிசலான ரோட்டைக் கடந்து காட்டினார். அடுத்த வருஷம் தொடங்கின ‘தி சீயிங் ஐ’ என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு இன்னைக்கும் நாய்களைப் பழக்குது.

நாய் சிக்னலைப் பார்த்து நம்மளக் கூட்டிட்டுப் போகும்னு நினைச்சிருந்தேன். தப்பு. வண்டிச் சத்தத்தைக் கேட்டு எப்போ கடக்கணும்னு முடிவு பண்றது மனுஷன்தான். ‘போ’ன்னு சொன்னதும், வண்டி வந்தா நாய் நகராது. சொல்பேச்சு கேட்கவும் பழக்கி, எப்போ கேட்கக் கூடாதுன்னும் பழக்குறாங்க. தனக்கு இடிக்காத கிளை கூட வர்றவர் தலையில இடிக்கும்னு கணக்குப் போடவும் அது கத்துக்குது. அந்த ட்ரெய்லர் பிரச்சினைக்கு நேரான பதில் இது!

இன்னொண்ணு. குட்டி ஒரு குடும்பத்துல ஒரு வருஷத்துக்கு மேல வளரும், அப்புறம் பள்ளியில சில மாசம் பயிற்சி. கடைசியா அதைப் பயன்படுத்தப் போறவர் வந்து, சில வாரம் அதே நாயோட நடந்து பழகணும். அவர் நடக்கிற வேகமும் நாயோட வேகமும் பொருந்துதான்னு பார்ப்பாங்க. பொருந்தலன்னா அந்த நாய் அவருக்கு இல்ல. எங்க ரிப்போர்ட்ல 60 பக்கம் இருக்கு, ‘பயனாளர்’ என்ற வார்த்தை பல தடவை வருது. பயனாளர்தான் ஒருத்தரும் வரல.

அப்போ இங்க நாய் கொண்டு வரலாமான்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். சிரிச்சாரு. “தெரு நாய் நாலு துரத்தினா நான் அதைக் காப்பாத்தணுமா, அது என்னைக் காப்பாத்தணுமா?” நியாயம்தான். நாய்க்கும் நடக்க ஒரு நடைபாதை வேணும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதி குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம்னு சொல்லுது. நம்ம ரோட்டுல அந்த இடத்துல டீக்கடை பெஞ்சு இருக்கு, இல்லன்னா லாரி. அதனால நாய் இங்க உடனே வரணும்னு நான் சொல்லல. அந்தப் பள்ளிகள் வேலை செய்யற முறை வரணும்.

அப்படிச் செஞ்ச ஆளுங்க நம்ம நாட்டுலயே இருக்காங்க. ஐஐடி டெல்லியில மாணவர் ப்ராஜெக்டா ஆரம்பிச்ச ‘ஸ்மார்ட்கேன்’, பார்வையற்றவங்க கையில கொடுத்துக் கொடுத்துத் திருத்தி, 2014ல வெளிவந்துச்சு. தயாரிச்சது சென்னை கம்பெனி. சாதாரண தடியோட பிடியில மாட்டிக்கலாம், முழங்காலுக்கு மேல தலை வரைக்கும் இருக்கிற தடையைக் கண்டுபிடிக்கும், அதிர்வுல சொல்லும். ஆக, எப்பவோ முடிஞ்ச வேலையை நாம வருஷா வருஷம் மோசமாத் திரும்பச் செஞ்சுக்கிட்டிருக்கோம்.

டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை இது: ஜீரோத் ரிவ்யூலயே, “இதை யார் கையில கொடுத்துப் பார்த்தீங்க?”ன்னு கேளுங்க. பதில் இல்லன்னா டைட்டிலை அப்ரூவ் பண்ணாதீங்க. பூந்தமல்லியில பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனத்தோட மண்டல மையமே இருக்கு. நம்ம காலேஜ் பஸ் தினமும் அந்தப் பக்கமாத்தான் வருது. டைம் இல்லன்னு ஜூனியர்ஸ் சொல்வீங்க. நாங்களும் சொன்னோம், பிபிடி அனிமேஷனுக்கு மட்டும் ரெண்டு நாள் செலவு பண்ணிட்டு.

இப்போ பஸ்ஸரைக் கழட்டிட்டோம். பிவிசி பைப்பும் போச்சு. பெரியப்பாவோட தடியிலயே ஒரு கிளாம்ப், ஒரு வைப்ரேஷன் மோட்டார், மேல் நோக்கிச் சாய்ச்ச சென்சார். நிக்கிற ட்ரெய்லர் முன்னாடி, அவர் பக்கத்துல ஒருத்தன் கூடவே நடக்க, நாலு தடவை பார்த்தோம். மூணு தடவை அதிர்ந்துச்சு. நாலாவது தடவை ஏன் அதிரலன்னு இன்னும் தெரியல. ஃபைனல் வைவாவுக்கு மூணு வாரம் இருக்கு.