விடியப்புறத்து வயிறு



சென்ற மாதம் வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்பும் ஒரு தங்கச்சி மட்டும் மடித்த பாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டு நின்றாள். ஊரையும் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிப்பதுதான் சீவியம்.

“அக்கா, ஒண்டு கேட்டா சிரிக்க மாட்டீங்கதானே?” என்றாள். “விடியப்புறம் எழும்பினா வயிறு ஒரே கலங்குது. மூணு தரம், நாலு தரம் போக வேண்டிக்கிடக்கு. தண்ணிக்குள்ள இறங்கி முதல் இறால் கையில பட்டாப் பிறகு ஒண்டுமில்ல. போகாம வீட்டில நிக்கிற நாளையில வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

இதற்கு அவளே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தாள். பின்னேரத்திற்குப் பிறகு சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் கலங்காதுதானே என்பது அவளுடைய கணக்கு. அதன் பலன், அதற்கு முந்திய கிழமை தண்ணீருக்குள் நின்றபடியே தலைசுற்றி விழுந்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற மாமி சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் இன்று அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2007 இல் உயர்தரப் பரீட்சை எழுதிய நாட்களில் நானும் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் அலைந்தேன். “படிச்ச பிள்ளைக்கு என்ன பயம்?” என்று அம்மா ஏசுவா. அம்மப்பாதான் அம்மாவைத் தடுத்தார். போருக்கு முந்திய காலத்தில் படுவான்கரையில் வயலை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு நாய்களோடு வேட்டைக்குப் போனவர் அவர். போகிற நாளில் அவரும் விடியுமுன் இரண்டு மூன்று தரம் வளவின் பின்பக்கம் போய்வருவாராம். கூட்டாளிகள் படலையில் காத்து நிற்பார்களாம். “வயிறு கலங்காதவன் பன்றியைப் பார்க்காதவன்” என்பது அவருடைய பேச்சு. காயப்பட்ட பன்றி திரும்பினால் என்ன நடக்கும் என்று அவருடைய வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

இது கோழைத்தனம் அல்ல. ஆபத்து வரப்போகிறது என்று மூளை கருதினால், ஓடுவதற்கும் போராடுவதற்கும் உடம்பைத் தயார் செய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தம் கைகால் தசைகளுக்குப் போகிறது, இரைப்பையின் வேலை மந்தமாகிறது. அமெரிக்க உடலியலாளர் வோல்டர் கனன் 1915 இல் இதை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதே நேரம் பெருங்குடல் எதிர்மாறாகச் சுருங்கி, உள்ளே இருப்பதை வெளியேற்றப் பார்க்கிறது. குடலின் சுவரில் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் உண்டு. மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓயாத பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கிறது. பெருங்குடல் இயல்பாகவே நித்திரை விட்டெழும் நேரத்தில் கூடுதலாக இயங்கும். அதிகாலையில் பதகளிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெறுவயிற்றில் குடிக்கும் சாயமான தேநீர் அதை இன்னும் தூண்டிவிடும்.

சமூகவியல் படித்தபோது மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரை அறிந்தேன். பசிபிக்கில் உள்ள ட்ரோப்ரியண்ட் தீவு மக்களிடம் அவர் ஒன்றைக் கவனித்தார். அமைதியான உள்வாவியில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. நிச்சயமில்லாத ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமும் சடங்கும். நம் நாட்டு வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிலும், வேட்டை வாய்க்க வேண்டிக் கண்டே யக்கா என்ற முன்னோர் ஆவியை அழைக்கும் சடங்கு சொல்லப்படுகிறது. எங்கே நிச்சயம் இல்லையோ அங்கே பயம் உண்டு. அந்தப் பயத்தைத் தனியே சுமக்காமல் கூடி நின்று இறக்கி வைக்க மனிதர் வழி தேடியிருக்கிறார்கள்.

ஆனால் நமது வாவி ட்ரோப்ரியண்ட் வாவி அல்ல. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீரில் முதலை உண்டு. கண்ணாடித் துண்டும் முள்ளும் உண்டு. வெறும் பறியோடு திரும்பினால் அன்றைய அரிசிக்குக் கடன். அந்தத் தங்கச்சியின் வயிறு காரணமில்லாமல் கலங்கவில்லை.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அம்மப்பாவுக்கு வளவின் பின்பக்கம் இருந்தது, காத்து நிற்கக் கூட்டாளிகள் இருந்தார்கள். இவளுக்குக் கரையில் மலசலகூடம் இல்லை. பற்றைக்குப் பின்னால் ஒதுங்கினால் தோணிக்காரர்கள் கண்ணில் படும். ஆகவே வாயைக் கட்டினாள், தாகத்தை அடக்கினாள். வயிறு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், ஒதுங்க இடந்தான் ஒன்றல்ல. நீண்ட நேரம் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தலைசுற்றும். தண்ணீருக்குள் நிற்பவளுக்குத் தலைசுற்று உயிராபத்து.

அவளிடம் நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். வயலுக்கு, முதல் பஸ்சுக்கு, நேர்முகப் பரீட்சைக்கு என்று விடியுமுன் புறப்படும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். நேரத்தோடு, உறைப்பும் எண்ணெயும் குறைத்துச் சாப்பிடுங்கள். பறி, மாற்றுடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் இரவே எடுத்து வையுங்கள். விடியப்புறம் தேடுகிற பரபரப்பே வயிற்றைக் கலக்கப் போதும். அரைமணி முந்தி எழும்புங்கள். இளஞ்சூடான தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டு, வயிறு தன் வேலையை வீட்டிலேயே முடிக்க நேரம் கொடுங்கள். தேநீர் அதற்குப் பிறகு, சாயம் குறைவாக இருக்கட்டும்.

பிறகு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சு நீண்டு வெளியேறும்போது இதயத்தின் வேகம் தணியும். போகும்போது தனியே போகாமல் ஒருவரோடு சேர்ந்து போங்கள். வயிற்றோட்டமாகவே போனால் அன்று தண்ணீரில் இறங்க வேண்டாம். ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் குடியுங்கள். பக்கற் இல்லாவிட்டால் அதே அளவு நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

எல்லா வயிற்றுக் கலக்கத்தையும் பயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றுளைவு, காரணமின்றி உடம்பு மெலிதல், லீவு நாளிலும் விடாத கலக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பயம் விடியப்புறத்தோடு நிற்காமல் நாள் முழுவதும் நெஞ்சை அமுக்கினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்திற்கும் அழைக்கலாம். அது பைத்தியத்திற்கான இடம் என்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள்.

இந்த மாதம் மீண்டும் அங்கே போனேன். வயிறு இன்னும் கலங்குகிறதாம், ஆனால் ஒரு தரத்தோடு நிற்கிறதாம். இரவில் சாப்பிடுகிறாள். அவளைப் பிடித்து இழுத்த மாமி, “எனக்கும் இருபது வருசமா இப்படித்தான் புள்ள. வெக்கத்தில வாய் திறக்கல்ல” என்றாராம். இப்போது ஐந்து பெண்கள் கரைக்கு அண்மையில் உள்ள ஒரு வீட்டில் கூடி, அங்கேயே தேவைகளை முடித்துக்கொண்டு, ஒன்றாக இறங்குகிறார்கள். கரையில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். முதல் கையொப்பம் அந்தத் தங்கச்சியுடையது.

தோழியரே, உங்கள் வீட்டில் யாராவது விடியப்புறம் அடிக்கடி பின்பக்கம் போய்வந்தால் ஏச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். படலையில் கொஞ்ச நேரம் காத்து நில்லுங்கள்.