பழைய பொம்மைகளின் நிலையை மறைக்கலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

1953-இல் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் விற்கத் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் கார்கள் போன்ற, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த பழைய பொம்மைகள் இன்று இணையவழியில் கைமாறும்போது, வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாமல், விற்பவரின் சொல்லையும் படத்தையும் மட்டுமே நம்பிப் பணம் செலுத்துகிறார். புத்தம் புதியது போல் பழுதற்றது என்னும் பொருளில் சேகரிப்பாளரிடையே வழங்கும் ‘மின்ட்’ என்ற சொல், மறுவண்ணம் பூசியதற்கும், சக்கரம் மாற்றியதற்கும், அசலைப் போல் அச்சிட்ட புதுப் பெட்டியில் இட்டதற்கும் பொருந்தாது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, ‘டிங்கி’ என்ற வணிகப்பெயரில் விற்ற வார்ப்புப் பொம்மைகள் பலவற்றில், கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்ததால் உலோகம் உள்ளிருந்தே விரிந்து நொறுங்கும் ‘துத்தநாக நோய்’ காணப்படுவதால், மயிரிழை அளவு விரிசலும் விலையை மட்டுமன்றிப் பொருளின் ஆயுளையே தீர்மானிக்கும் செய்தியாகிறது.

பழுதுபார்ப்பது குற்றமன்று, பழுதுபார்த்ததை மறைப்பதே வஞ்சனை. ஆகவே விற்பவர்கள் அடிப்புறம், சக்கர அச்சு, பெட்டியின் மடிப்பு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, மாற்றிய உறுப்புகளை ஒன்றுவிடாமல் குறிப்பிட்டு, அதற்கேற்ற விலையையே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்