கூடாரம் போட்ட இடத்தில் ஒரு வீடு! - வீடுகளின் கதை

லீவு விட்டால் கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவதுதான் அந்தக் குடும்பத்துக்கு வழக்கம். ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே சுமார் 300 கி.மீ தூரத்தில் இருக்கிற பிங்கி பிங்கி என்ற இடம். வருடக்கணக்கில் இப்படியே போய்வந்தவர்கள், ஒரு கட்டத்தில் அங்கேயே சின்னதாக வீடு கட்ட ஆசைப்பட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்கள். கூடாரத்தில் தங்கும்போது கிடைத்த அந்த லேசான உணர்வு போய்விடக் கூடாது.

இந்த ஆசையைக் கேட்டுக்கொண்டவர் கட்டடக்கலை நிபுணர் க்ளென் மர்கட். 1984-ல் முடிந்த 'மேக்னி ஹவுஸ்' இப்படித்தான் பிறந்தது.

ஆசை சரி, இடம்தான் வில்லன். ஒதுங்க நிழல் இல்லாத திறந்தவெளி. எதிரே பசிபிக் கடல். தெற்கிலிருந்து சில்லென்று அடிக்கும் காற்று. தண்ணீருக்கு மழையைத்தான் நம்ப வேண்டும். இங்கே கூடாரம் மாதிரி வீடு கட்டினால் குளிரில் விறைத்துப் போவார்கள். கோட்டை மாதிரி கட்டினால் கடலே தெரியாது.

மர்கட் முதலில் பார்த்தது சூரியனை. பூமியின் தென்பாதி என்பதால் அங்கே மதிய வெயில் வடக்கிலிருந்து வரும். கோடையில் சூரியன் கிட்டத்தட்ட 77 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். குளிர்காலத்தில் 30 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தார். கூரையின் விளிம்பை அளவோடு நீட்டினார். கோடை வெயில் விளிம்பிலேயே தடுக்கப்பட்டுவிடும். குளிர்கால வெயில் சாய்வாக உள்ளே வந்து அறையைச் சூடாக்கும். குளிர்காற்று வரும் தெற்குப் பக்கத்தில் செங்கல் சுவர். சமையலறையும் குளியலறையும் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, ஹாலும் படுக்கையறைகளும் வெயில் பக்கம்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது, அகலம் குறைவு. நடுவில் கூரை போட்ட ஒரு திறந்த முற்றம். அதற்கு ஒரு பக்கம் பெரியவர்கள், மறுபக்கம் பிள்ளைகளும் விருந்தாளிகளும். ஒருவர் தூங்க இன்னொருவர் கத்தலாம். நம்ம ஊர்க் கூட்டுக் குடும்பத்துக்கும் ஒத்துவரும் ஏற்பாடு!

ஆனால், இந்த வீட்டின் ஹீரோ கூரைதான். பறவை சிறகை விரித்தது போல நெளி தகடு இரண்டு பக்கமும் எழும்பி நிற்கிறது. நடுவில் பள்ளம். பெய்கிற மழையெல்லாம் அங்கே ஓடிவந்து, குழாய் வழியாக நிலத்தடித் தொட்டிக்குப் போய்விடும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர். ஒரு சொட்டு வீணானாலும் இழப்பு வீட்டுக்காரருக்குத்தான் என்ற இடத்தில், அழகுக்காகக் கூரை போட முடியாது. இங்கே அந்தத் தேவையே அழகாகவும் அமைந்துவிட்டது.

ஒரு சிக்கலும் உண்டு. கண்ணாடிக்கு வெளியே இருக்கும் பிளைண்டுகளை வெயிலுக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும், காற்றைப் பார்த்து ஜன்னல்களைத் திறந்து மூட வேண்டும். ஏ.சி ரிமோட்டுக்குப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாகவே இருக்கும்.

பெரிய அலுவலகமோ, உதவியாளர் பட்டாளமோ வைத்துக்கொள்ளாமல் தனியாகவே வேலை பார்த்தவர் மர்கட். 2002-ல் கட்டடக்கலையின் மிகப்பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவரைத் தேடி வந்தது.

கொடைக்கானலில் சின்னதாக ஒரு இடம் வாங்கிப் போட்டிருப்பவர்கள் இந்த பிளானை அப்படியே காப்பியடித்துவிட வேண்டாம். அங்கே டிசம்பர் மதிய வெயில் தெற்கிலிருந்து வரும். வடக்கே கண்ணாடி வைத்தால், உள்ளே ஸ்வெட்டரோடு உட்கார்ந்துகொண்டு வெளியே காயும் வெயிலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.