பாட்டுத்தாள் யாருக்காக?



ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விசயம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்து வாசியுங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுப்பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தோம். பாட்டைக் கணினியில் அடித்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். எங்கள் திரையில் வடிவாகத்தான் இருந்தது. நடுவிலே தலைப்பு, சுற்றிவரப் பூக்கரை, பல்லவி சிவப்பு நிறத்தில். அடுத்த நாள் பயிற்சியில், கடைசி வரிசையில் ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் பிள்ளை, பாடமாக்கேல்லையா?" என்று கேட்டோம்.

"அம்மான்ர போனில பாத்தனான் டீச்சர். ஒரே இங்கிலிசு எழுத்தாக் கிடக்கு."

பிழை பிள்ளையில் இல்லை, அம்மாவின் போனிலும் இல்லை. எங்களில்தான். நாங்கள் அடித்தது பாமினி எழுத்துருவில். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத போனில் உள்ளபடியே தெரியும். அந்தப் பிள்ளை கண்டது அதைத்தான்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு நிச்சயம். பாட்டுத்தாளின் பக்க அளவும், எழுத்தின் பருமனும், வரியை எங்கே உடைப்பது என்பதும் அலங்கார வேலை அல்ல. கற்பித்தலில் அதுவும் ஒரு பகுதி. அதை நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று விடுவது, கடைசி வரிசைப் பிள்ளையை விட்டுவிடுவதற்குச் சமம்.

"காதால் கேட்டுப் பாடமாக்கட்டுமே, தாள் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். காது இராகத்தைப் பிடிக்கும், சொல்லை எப்போதும் பிடிக்காது. சந்தேகம் என்றால் பிள்ளைகளிடம் தேசிய கீதத்தை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பண்டிதர் மு. நல்லதம்பி தமிழில் தந்தது, அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் மூன்றாம் அட்டவணையில் உள்ளது, 2016 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவிலும் பாடப்பட்டது. காலைக் கூட்டத்தில் நாள்தோறும் பாடும் பிள்ளைகளே அதில் எத்தனை சொல்லை மாற்றி எழுதுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். நிமிர்த்திப் பிடித்த போனின் திரை ஏறத்தாழ 70. அப்படியென்றால் 12 புள்ளியில் நாங்கள் அடித்த எழுத்து அங்கே 4 புள்ளியாகிவிடுகிறது. பத்திரிகையின் வரி விளம்பர எழுத்தை விடச் சின்னது. விரலால் பெருப்பித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடும். பிள்ளை பாடுவதா, தாளம் போடுவதா, திரையை இழுப்பதா?

நாங்கள் இப்போது பக்கத்தையே ஏ6 அளவில் அமைக்கிறோம். 105க்கு 148 மில்லிமீற்றர். எழுத்து 16 புள்ளி. போனில் அது 10 புள்ளிக்குக் குறையாமல் தெரியும். அச்சடிப்பதென்றால் ஒரு ஏ4 தாளில் நான்கு பக்கம் அடங்கும், ஒரு போட்டோக்கொப்பிக் காசில் நான்கு பிள்ளைகளுக்குத் தாள். பார்வை குறைந்த பிள்ளைக்கு அதே பக்கத்தை ஏ4க்குப் பெருப்பித்தால் எழுத்து இரண்டு மடங்கு. இன்னொரு வசதியும் உண்டு. காற்றாலை நட்ட ஊர் எங்களுடையது. பளைக் காற்றில் ஏ4 தாள் கையில் நில்லாது, சின்ன அட்டை நிற்கும்.

அடுத்தது வரி. கணினி இடம் முடிந்த இடத்தில் வரியை உடைக்கும். பாட்டு சீர் முடிந்த இடத்தில்தான் உடைய வேண்டும். ஒரு சொல் மட்டும் தனியே கீழே விழுந்தால், அதற்கு முன் பிள்ளை மூச்செடுப்பாள், கருத்தும் தாளமும் இரண்டும் போய்விடும். நீளமான அடியை நாங்களே சீர் பார்த்து இரண்டாக்க வேண்டும். சரணம் ஒன்று பக்கத்தின் நடுவில் முறிந்து அடுத்த பக்கம் போகக்கூடாது. சரண முடிவில் 'பல்லவி' என்று மட்டும் போட்டால் பிள்ளை மேலே தேடுவாள், பல்லவியின் முதல் இரண்டு சொல்லை அங்கேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் முட்டும். இடைவெளி ஒன்றரை வைத்தால் கண் தடுமாறாது. இருபக்கமும் சமப்படுத்தும் ஒழுங்கை நிறுத்திவிடுங்கள், சொற்களுக்கு நடுவில் வாய்க்கால் வெட்டினது போல ஆகிறது. பல்லவிக்கு நிறம் வேண்டாம், கறுப்பு வெள்ளைக் கொப்பியில் அது மங்கிப் போகும். கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்தால் போதும்.

திரைக்கும் இதே நியாயம்தான். வெளிச்சமான மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, ஒரு திரைக்கு நான்கைந்து வரி, பூப்படம் வேண்டாம். போனைப் பார்த்துப் பழக்கும்போது திரை தானாக அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள், திரை சுழல்வதையும் நிறுத்துங்கள். நடுச்சரணத்தில் திரை இருண்டால் பாட்டும் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே எழுத்துரு. யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது. பாமினி விசைப்பலகைதான் கைக்கு வரும் என்பவர்களுக்கும் வழி உண்டு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்களில் பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோட்டில் அடிக்கலாம். பழைய கோப்புகளை மாற்றித்தரும் எழுத்துருமாற்றிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். ஹம்து, பைத்துப் பாட்டுகளில் அறபுச் சொற்றொடர் வந்தால் அதைத் தனி வரியில் போடுங்கள். வலமிருந்து போகும் எழுத்தும் இடமிருந்து போகும் எழுத்தும் ஒரே வரியில் சேர்ந்தால் நிறுத்தக்குறிகள் இடம் மாறி நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? எங்கள் மூத்தம்மாமாரின் காலத்து முனாஜாத்துகள் பலவும் அறபுத்தமிழில் இருந்தன. மொழி தமிழ், எழுத்து அறபு. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்ததும், கொப்பி பெட்டிக்குள் இருந்தும் பாட்டு வாயில் இல்லாமல் போனது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பாட்டுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த தமிழ்ச் சனமும் அப்படித்தான். நினைவில் நின்றது மட்டும் மிஞ்சியது. இன்று எங்கள் பென்டிரைவ்களில் பாமினியில் கிடக்கும் பாட்டுகளுக்கு யுத்தம் வரத் தேவையில்லை, கணினி மாறினாலே போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாட்டுத்தாளை அனுப்பும் முன் வீட்டிலுள்ள ஆகச் சின்னப் போனில் திறந்து பாருங்கள். திரையில் போடும் முன் கடைசி வரிசையில் போய் நின்று பாருங்கள். வருகிற விடுமுறையில் ஆளுக்குப் பத்துப் பாட்டை மாற்றினாலும் ஒரு பாடசாலைக்குத் தேவையானது இன்ஷா அல்லாஹ் சேர்ந்துவிடும்.

அந்தப் பிள்ளைக்குப் புதுத் தாள் கொடுத்தோம். இப்போது வாய் திறந்து பாடுகிறாள். சுருதி கொஞ்சம் விலகுகிறது. அது எங்கள் அடுத்த வேலை.